ஐந்தாவது கிடார்

பங்குனி மதியம். கொரியர் பையன் பைக்கை வாசலில் நிறுத்தி, பின்சீட்டில் குறுக்காகக் கட்டியிருந்த நீள அட்டைப்பெட்டியின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். எதிர்வீட்டுத் திண்ணையில் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். எங்கள் தெருவுக்கு அந்த நீளத்தில் வரும் பெட்டி இரண்டே வகை. ஒன்று டி.வி. இன்னொன்று எனக்கு வருவது.

“ஏங்க, இது எத்தனாவது?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. கணக்குத் தெரியாமல் கேட்டதில்லை.

“அஞ்சாவது.”

“இருக்கற நாலுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?”

அரைமணி நேரம் பேசக்கூடிய பதில் என்னிடம் இருந்தது. அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்ததால் அரை நிமிடம்தான் கிடைத்தது. “சத்தம் வேற” என்றேன்.

“வாசிக்கிற பாட்டு?”

“அது அதேதான்.”

அத்தோடு அவள் விட்டுவிட்டாள். நான்தான் விடவில்லை.

பெட்டியைக் கிழித்ததும் முதலில் எழுவது மணம். மரத்தின் மணம் என்று எழுத ஆசை. உண்மையில் அது காய்ந்த பூச்சும் தெர்மாகோலும் கப்பல் கன்டெய்னரின் புழுக்கமும் கலந்த ஒன்று. ஜூன் மாதத்தில் புதுப் பாடப்புத்தகத்தை முகர்ந்தபோது கிடைத்ததற்கு மிக அருகில் இருக்கும். அடுத்து நிறம். அட்டையில் பட்டர்ஸ்காட்ச் என்று போட்டிருந்தது, என் கண்ணுக்குப் பனங்கற்கண்டு. அதன்மேல் கறுப்புத் தகடு, இரண்டு காயில், இரண்டு திருகு. குடைவில்லாத பலகை உடல். 1950இல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் ஊரில் லியோ ஃபெண்டர் வெளியே விட்ட வடிவம், இன்றுவரை ஏறக்குறைய அப்படியே வந்துகொண்டிருக்கிறது. என்னுடையதைச் செய்த கம்பெனி எதுவென்பது இங்கே வேண்டியதில்லை. இந்தோனேசியாவில் செய்தது. அது மட்டும் பின்னால் தேவைப்படும்.

புதுக்கிடாரோடு கழியும் முதல் ஒரு மணி நேரத்தைப் பற்றி யாரும் உண்மை பேசுவதில்லை. அந்த ஒரு மணி நேரம் எனக்கு நன்றாக வாசிக்க வரும். சத்தியமாக. அதற்கு என் கையைத் தெரியாது என்பதுதான் காரணம். மற்ற நான்கும் நான் எந்தத் திருப்பத்தில் தடுக்குவேன், எந்த ஸ்வரத்தைத் தின்றுவிட்டு மேலே போவேன் என்று மனப்பாடமாக அறிந்தவை. அவற்றை மடியில் எடுக்கும்போது பழைய வகுப்பு ஆசிரியர் முன்னால் நிற்பதுபோல இருக்கும். புதிது ஒன்றும் அறியாமல் என்னைப் பார்க்கிறது. இரண்டாவது மணி நேரத்தில் அதற்கும் தெரிந்துவிடும்.

நான்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முதலாவது கல்கத்தாவில் செய்த கிவ்சன், மின்சாரமில்லாதது. 1994இல் மதுரையில் வாங்கி, திண்டுக்கல் பஸ்ஸின் கடைசி சீட்டில் ஒரு கைக்குழந்தைபோல் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். கழுத்து எப்போதோ வளைந்துவிட்டது. இரண்டாவது, கோயில் கொடைகளுக்கு வாசித்துக்கொண்டிருந்த ஒரு லைட் மியூசிக் கிடாரிஸ்டிடமிருந்து வந்தது. கீபோர்டும் பதிவுசெய்த ட்ராக்கும் மேடையை எடுத்துக்கொண்ட பிறகு அவர் செல்ஃபோன் கடை வைத்தார். விற்கும்போது விலை பேசவில்லை. உறையையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு, நான் தெருமுனை திரும்பும்வரை உள்ளே போகாமல் நின்றார். மூன்றாவதும் நான்காவதும் சம்பளம் நிலைத்த பிறகு வாங்கியவை. அவற்றுக்குக் கதை இல்லை. ரசீது இருக்கிறது.

ஐந்து எதற்கு என்ற கேள்விக்கு நான் ஒளிந்துகொள்ளும் இடம் ஒன்றுண்டு. பழைய யாழ். பேரியாழுக்கு நரம்பு 21, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என்று சிலப்பதிகார உரைக்காரர்கள் எண்ணிச் சொல்கிறார்கள். ஆக, ஒன்று போதாது என்பதைத் தமிழன் அன்றே உணர்ந்திருந்தான் பாருங்கள் என்று நண்பர்களிடம் அளப்பேன். மடக்கியவர் இதுவரை இல்லை. மடக்கியிருக்க வேண்டும். யாழுக்கு மெட்டு கிடையாது. கிடார்க்காரர்கள் ஃப்ரெட் என்பதை வீணைக்காரர்கள் மெட்டு என்பார்கள், நல்ல சொல். அது இல்லாத கருவியில் பெரும்பாலும் ஒரு நரம்புக்கு ஒரு ஸ்வரம்தான். கூடுதல் ஸ்வரம் வேண்டுமென்றால் கூடுதல் நரம்பு கட்டியாக வேண்டும். ஆறே கம்பியும் 22 மெட்டும் வைத்துக்கொண்டு கிட்டத்தட்ட நான்கு ஸ்தாயி எட்டும் கிடாருக்கு அந்த நியாயம் பொருந்தாது. ஒன்றே போதும். எல்லாம் அதிலேயே இருக்கிறது.

யாழ் விஷயத்தில் என்னை இதைவிட உறுத்துவது விபுலானந்த அடிகளின் காரியம். வாசிப்பவரிடமிருந்து கற்க வழியில்லாத ஒரு கருவியை, பாட்டிலும் உரையிலும் சிதறிக் கிடந்த சொற்களிலிருந்து கணக்குப் போட்டு எழுப்பினார் அவர். ‘யாழ் நூல்’ 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் காலமானார். வாசிக்க ஒரு கருவி இல்லாமல் ஆயுளை அதற்குக் கொடுத்தவர் ஒரு பக்கம். சுவரில் நான்கு தொங்க ஐந்தாவதின் பெட்டியைக் கிழிக்கிறவன் இன்னொரு பக்கம்.

பொருநராற்றுப்படை இருக்கிறது. அதைப் பல்கலைக்கழகத்தில் பாடமாக வைத்ததைவிட இசைக்கருவிக் கடைகளில் வைத்திருக்கலாம். கரிகாலனைத் தேடிப் போகச் சொல்லும் அந்தப் பாட்டு, அரசன் வருவதற்கு வெகு முன்பே யாழை எடுத்து ஓர் அங்கம் விடாமல் பார்க்கிறது. மான் குளம்புச் சுவடுபோல நடு உயர்ந்து பக்கம் தாழ்ந்த பத்தர். மேலே போர்த்திய தோலின் நிறம். துளையை அடைத்த ஆணிக்கு நண்டின் கண்ணை உவமை சொல்கிறது. நண்டின் கண்! இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய ஒருவன் கருவியை முகத்துக்கு அருகே தூக்கி, வெயில் படும்படித் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறான். நான் டார்ச் அடித்து மெட்டுக்களைப் பார்ப்பதைப் போலத்தான். கருவிமேல் மோகம் நேற்று வந்த வியாதி இல்லையென்று எனக்கு அதில் ஓர் ஆறுதல்.

ஆறுதல் அதே பாட்டிலேயே முடிந்துவிடுகிறது. அந்தப் பாட்டில் பேசும் பொருநன் கட்டியிருந்த துணி ஈரும் பேனும் குடியிருந்த கந்தல். வேர்வையில் நனைந்து, பல இழையால் தைத்துத் தைத்துக் கிடந்தது. கரிகாலன்தான் புதுத்துணி தருகிறான். ஆனால் யாழில் ஒரு குறை சொல்ல இடமில்லை. ஒரே யாழ்.

மெட்டுப்பலகைக்கு வருகிறேன். விவரத்தாளில் ‘இந்தியன் லாரல்’ என்று இருந்தது. ஏதோ ஐரோப்பிய மாலைக்குரிய இலைபோல் ஒலித்ததால் தேடிப் பார்த்தேன். டெர்மினேலியா பேரினத்து மரம். நம் ஊர்ப் பெயர் கருமருது. முதலைத் தோல்போல் பட்டை வெடித்து நிற்குமே, அதே மரம். கிடார் உலகம் அதைத் தேடி வந்ததற்குக் காரணம் இன்னொரு மரம். மெட்டுப்பலகை என்றால் பல பத்தாண்டுகளாகப் பெரும்பாலும் ரோஸ்வுட்தான், அதாவது நம் தோதகத்தி, மலையாளக்கரையில் ஈட்டி. தமிழ்நாட்டில் அதைக் காக்க 1994இல் தனிச்சட்டமே போட்டார்கள். சொந்தப் பட்டா நிலத்தில் நின்றாலும் அனுமதியில்லாமல் கோடாலி வைக்கக் கூடாது என்றது அது. 2017 ஜனவரியில் சைட்டிஸ் உடன்படிக்கை தோதகத்தியின் உறவுமரங்கள் அத்தனையையும் சர்வதேசக் கட்டுக்குள் கொண்டுவந்ததும் கிடார் கம்பெனிகள் தாள்களுக்கும் முத்திரைகளுக்கும் பயந்து வேறு மரம் தேடின. 2019 நவம்பரில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கிடைத்துவிட்டது. ஆனால் விலை மலிவான கிடார்களில் அதற்குள் மருது குடியேறியிருந்தது.

எந்தக் காட்டில் வெட்டிய மரம் என்று என்னுடையதைக் கேட்க முடியாது. பெயரில் இந்தியன் இருக்கிறது, அவ்வளவுதான். ஆனாலும் சிறுமலைக்கு மேல் மேகம் கூடியிருந்த ஒரு மாலையில் அந்தப் பலகையைத் தடவியபோது, ஏற்கெனவே தெரிந்த ஒருவரை வெளிநாட்டு விமான நிலையத்தில் பார்த்த மாதிரி இருந்தது.

மின்கிடாரைச் செய்தவர்களைப் பற்றி இன்னொன்று எனக்குப் பிடிக்கும். ஃபெண்டருக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது. 1938இல் ரேடியோ ரிப்பேர் கடை திறந்தவர். அவர் கையில் கிடார் பழுதுபார்க்க வசதியான பொருளாக வந்தது. கழுத்தைப் பசைபோட்டு ஒட்டாமல் நான்கு திருகாணியில் பூட்டினார். கெட்டுப்போனால் கழற்றி வேறு மாட்டிக்கொள்ளலாம். முதலில் பிராட்காஸ்டர் என்று பெயரிட்டார். அதே ஒலிப்புள்ள பெயரில் ஏற்கெனவே ட்ரம் விற்றுக்கொண்டிருந்த கிரெட்ச் கம்பெனி ஆட்சேபித்தது. மீதமிருந்த ஒட்டுத்தாளில் அந்தச் சொல்லை மட்டும் கத்தரித்துவிட்டுக் கொஞ்ச காலம் பெயரில்லாத கிடார்கள் போயின. 1951இல் டெலிகாஸ்டர் ஆனது. அந்தப் பெயரில்லாத சிலவற்றுக்கு இன்று சேகரிப்பவர்கள் வீட்டை விற்றுக் கொடுப்பார்கள். கத்தரிக்கோல் செய்த வேலைக்கு அவ்வளவு மதிப்பு. சேகரிப்பின் பைத்தியக்காரத்தனத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. சிரிக்க எனக்கு யோக்கியதை கிடையாது. 1980களின் இறுதியில் ஃபெண்டர் தன் ஸ்குவையர் டூ, சன் மஸ்டாங் கிடார்களில் கொஞ்சத்தை இந்தியாவில் செய்யவைத்தது. ‘மேட் இன் இந்தியா’ முத்திரையோடு அவை வெளிநாடு போயின. தரம் சுமார்தான் என்கிறார்கள் வாசித்தவர்கள். அதில் ஒன்று கிடைக்குமா என்று நான் சில வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். ஆறாவது. குழம்பு கொதிக்கும்போது சொல்ல வேண்டியது.

காயில் என்றேன். கம்பிக்குக் கீழே காந்தம். காந்தத்தைச் சுற்றித் தலைமுடியளவே பருமனான செம்புக் கம்பி, ஏழெட்டாயிரம் சுற்று. மேலே எஃகுக் கம்பி அதிர்ந்தால் காந்தப்புலம் அசையும், செம்பில் மின்சாரம் பிறக்கும். மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டதற்கு மேல் புதிய விஞ்ஞானம் அதில் ஒன்றுமில்லை. இரண்டாவது கிடாரின் காயில் ஒருமுறை செத்துப்போனபோது ஊரில் மோட்டார் காயில் கட்டும் கடை ஒன்றுக்கு எடுத்துப் போனேன். திண்டுக்கல் சமவெளியில் கிணறு வற்றி எல்லாம் போர் ஆகிவிட்டதால் கோடையில் அந்தக் கடைகளில் நிற்க இடமிருக்காது. கருகிய நீர்மூழ்கி மோட்டார்கள் வரிசையாக மல்லாந்து கிடக்கும். கடைக்காரர் என் காயிலை உள்ளங்கையில் வைத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். “அண்ணே, இது கம்பியா, சிலந்தி நூலாண்ணே?” என்றார். கட்டித்தர முடியாது என்றார். ஆனால் விடாமல் கேள்வி கேட்டார். கரண்டு உள்ளே போகவில்லை, கம்பி அசைவதால் இதுவே கரண்டு உண்டாக்குகிறது என்றதும் முகம் மாறிவிட்டது. “அப்ப இது மோட்டார் இல்லைண்ணே. டைனமோ.” கிடாரைப் பற்றி எனக்குக் கிடைத்த மிகச் சரியான வாக்கியம் அது. புத்தகத்தில் படித்தபோது வராத தெளிவு அங்கே வந்தது.

ஒற்றைக் காயில் கிடாருக்கு ஒரு கோளாறு உண்டு. சுற்றுப்புறத்து மின்சாரத்தையும் சேர்த்துக் கேட்கும். ட்யூப்லைட், மிக்ஸி, பக்கத்துப் பட்டறையின் வெல்டிங் எல்லாம் ஆம்ப் என்ற ஒலிபெருக்கி வழியே ஒரு ரீங்காரமாக வரும். இந்தியாவில் அது 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம், அமெரிக்காவில் 60. எதிரெதிராகச் சுற்றிய இரண்டு காயிலைச் சேர்த்து அதை அடக்கும் வழியை கிப்சன் கம்பெனியின் செத் லவர் 1955இல் கண்டார். என்னிடம் இருக்கும் மூன்றாவது அந்த வகை. அதன் அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. ரீங்காரத்தில் என் தெரு இருக்கிறது. பட்டறைக்காரர் சாப்பிடப் போகும் நேரத்தை என் கிடாரே சொல்லும்.

தெருவே அடங்கிப்போன காலமும் இருந்தது. 2012. சென்னைக்கு வெளியே பாதி நாளுக்கு மின்சாரம் இல்லாத வருடம். மில் ஓடாது, பம்புசெட் ஓடாது. இரவில் விசிறி நின்ற வீடுகளிலிருந்து ஜனங்கள் பாயோடு வாசலுக்கு வந்துவிடுவார்கள். அப்போது மின்கிடார் வைத்திருப்பதைப் போல அபத்தம் வேறில்லை. ஆம்ப் இல்லாத பலகைக் கிடாரின் ஒலி கொசுவின் ஒலிக்குச் சற்று மேல். பக்கத்தில் படுத்திருப்பவருக்குக்கூடக் கேட்காது. ஒரு ராத்திரி மொட்டைமாடியில் குனிந்து வாசித்துக்கொண்டிருந்தபோது தாடை கிடாரின் விளிம்பில் பட்டது. திடீரென்று மண்டைக்குள் முழுக் கிடாரும் திறந்துகொண்டது. அடித்தந்தியின் உறுமல், விரல் நழுவும் உராய்வு, எல்லாம் எலும்பு வழியே. எதிரே மலைக்கோட்டை இருட்டில் ஒரு திண்டாகத் தெரிந்தது. இவ்வளவு பெரிய சத்தத்தை ஊரில் நான் ஒருவன் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். சங்கீதம் என்றால் நாலு பேருக்குக் கேட்க வேண்டும் என்று நினைத்திருந்தவனுக்கு அந்த ரகசியம் கொஞ்சம் குற்ற உணர்ச்சியைக் கூடக் கொடுத்தது.

எங்கள் ஊரில் கிடார் கேட்கும் காது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் இரண்டு வாசலைக் காட்டுவேன். ஒன்று மாதா கோயில் பாடகர் குழு. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பின்வரிசையில் நின்று நான்கு கார்டு அடித்துக் கற்றவர்கள்தான் மாசித் திருவிழாவில் கோட்டை மாரியம்மன் கோயில் மேடையிலும் வாசித்தார்கள்; கிடாருக்கு மதம் தெரியாது, அட்வான்ஸ் தெரியும். மற்றது இளையராஜா. இங்கிருந்து மேற்கே பஸ் ஏறினால் ஒரு காலை நேரத்துக்குள் பண்ணைப்புரம். அங்கே பிறந்தவர் லண்டன் ட்ரினிட்டி கல்லூரித் தேர்வில் செவ்வியல் கிடாருக்குத் தங்கப்பதக்கம் வாங்கினார் என்பது எங்கள் பக்கத்துப் பையன்களுக்குக் கடவுள் வாக்கு. 1982இல் ‘பயணங்கள் முடிவதில்லை’ வந்து, ‘இளைய நிலா’ ஒலிக்காத டீக்கடை இல்லையென்றான பிறகு ஊரில் மகன் கிடார் கேட்காத அப்பா இல்லை. அந்தக் கிடாரை வாசித்த கை ஆர். சந்திரசேகருடையது என்று தெரிய எங்களுக்கு எத்தனையோ வருடம் ஆனது. வாத்தியக்காரர் பெயரை டைட்டிலில் போடும் வழக்கம் அன்று இல்லை.

பார்சல் வந்த மூன்றாவது வாரம் இடது கை ஆள்காட்டிவிரலுக்குக் கீழே ஒரு கீறல் விழுந்தது. மறுநாள் இன்னொன்று. மேல்மெட்டிலிருந்து கீழே கையை இழுத்தால் அரிவாள்மணையின் பல்லில் இழுத்ததுபோல் இருந்தது.

கம்பெனியைத் திட்ட ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டேன். காரணம் எங்கள் ஊர்க் காற்று. ஜாவாக் கடலோர ஈரத்தில் உலர்ந்த மரம் அது. பங்குனி சித்திரையில் திண்டுக்கல் காற்றில் ஈரம் என்று ஒன்று இருப்பதில்லை. சிறுமலைக்கும் பழனி மலைக்கும் நடுவே கிடக்கும் இந்த வெளியில் உதடு வெடிக்கும், கதவு சுருங்கித் தாழ்ப்பாள் தானே கழன்றுகொள்ளும். மரம் நீளவாட்டில் சுருங்குவது மிகக் குறைவு. குறுக்குவாட்டில் சுருங்கும். அதில் பதித்திருக்கும் மெட்டுக் கம்பி சுருங்காது. அது நிக்கல் வெள்ளி. செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்தது, பெயரைத் தவிர வெள்ளி ஒரு குன்றிமணி கிடையாது. பலகை உள்ளே போக, கம்பியின் நுனி வெளியே நீட்டிக்கொள்கிறது. 22 மெட்டு, இரண்டு பக்கம், 44 நுனி.

சென்னைக்கு அனுப்பினால் சரிசெய்து தருவார்கள். போகவர ஒரு மாதம், கூலி கிடார் விலையில் ஐந்தில் ஒரு பங்கு. அரம் போட்டு நுனியைச் சாய்க்கிற வேலைதானே என்று யோசித்தபோதுதான் உறைத்தது. அரம் போடுவதற்குத் திண்டுக்கல்லிலிருந்து சென்னைக்கு அனுப்புவதா?

பூட்டு ஊர் என்று எங்களை எல்லோரும் சொல்வார்கள். பூட்டு செய்கிறவரை நேரில் பார்த்தவர்கள் எங்கள் ஊரிலேயே குறைவு. தண்ணீர் பற்றாத மண், இரும்பு கிடைத்த சுற்றுவட்டாரம்; விவசாயம் கைவிட்ட கைகள் அரத்தைப் பிடித்தன என்பது ஊர்வழக்கு. மாங்காய்ப் பூட்டு, அலமாரிப் பூட்டு, சாவி திருகும்போது மணியடித்து வீட்டையே எழுப்பும் மணிப்பூட்டு. லீவர்களைக் கையால் அராவி அராவிப் பொருத்துவதால் ஒரு பூட்டின் சாவி இன்னொன்றில் நுழைந்தாலும் திரும்பாது. 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு வெகு முன்பே மிஷினில் அடித்த அலிகார் பூட்டு கடைகளை நிரப்பிவிட்டிருந்தது. இப்போது பட்டறையில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள். பிள்ளைகள் மில்லுக்கோ திருப்பூருக்கோ போய்விட்டார்கள்.

நாகல்நகர்ப் பக்கம் ஒரு சந்தில் அப்படி ஒருவரைக் கண்டுபிடித்தேன். எழுபதுக்கு மேல் இருக்கும். வாசலுக்கு நேரே வைஸ், அதில் கவ்விய பித்தளைத் தகடு, தரையெல்லாம் தங்கத்தூள்போலப் பித்தளை அராவல். உறையைத் திறந்ததும், “என்ன தம்பி, வீணையா?” என்றார்.

“கிடாருங்கய்யா. கரண்டு கிடார்.”

வாங்கி மடியில் கிடத்தினார். தலைப்பக்கம் ஒரே வரிசையில் நிற்கும் ஆறு திருகையும் பார்த்து இது என்ன என்றார். கம்பியை முறுக்கிச் சுதி சேர்க்கிறது, கீ என்போம் என்றேன்.

“கீன்னா சாவிதான?”

“ஆமாங்கய்யா.”

“ஒரு பூட்டுக்கு ஆறு சாவி குடுத்துருக்கான்” என்றார், யாரோ தெரிந்த தொழில்காரனின் அதிகப்படியைச் சொல்வதுபோல.

நுனிகளைக் காட்டினேன். அவர் கண்ணால் பார்க்கவே இல்லை. கட்டைவிரல் நகத்தின் பக்கவாட்டை விளிம்பில் வைத்து மேலிருந்து கீழே ஒருமுறை இழுத்தார். நிற்காமல் இழுத்தார், ஆனால் ஒவ்வொரு நுனியிலும் நகம் ஒரு கணம் யோசித்தது தெரிந்தது. பலகையில் கீறல் விழாமலிருக்க நான் மாஸ்கிங் டேப் கொண்டுபோயிருந்தேன். அதை மெட்டுக்கு மெட்டு நடுவே ஒட்டச் சொன்னார், நானே ஒட்டினேன். தகர டப்பாவிலிருந்து நாலைந்து அரத்தை எடுத்து, பல்லைக் கையில் உரசிப் பார்த்து, தேய்ந்துபோன பட்டை அரம் ஒன்றைத் தேர்ந்தார். புது அரம் கடிக்கும், இதுக்குக் கிழடுதான் சரி என்றார்.

“தள்ளணும் தம்பி. இழுக்கப்படாது. இழுத்தா அரம் அறுக்காது, சும்மா வழுக்கும். ஒரே பக்கமாத் தள்ளி, தூக்கி, மறுக்காத் தள்ளணும்.” இரண்டு நுனி முடிந்ததும் அரத்தை என்னிடம் நீட்டினார். “மிச்சத்தை நீங்க போடுங்க. நான் தொட்டுப் பாக்கறேன்.”

முப்பது வருடமாகக் கிடார் வைத்திருக்கிறேன். நான்கில் ஒன்றின்மீதும் நான் ஓர் ஆயுதத்தை வைத்ததில்லை. தூசி தட்டுவேன், எண்ணெய் துடைப்பேன், வெயில் படாமல் வைப்பேன். புதுக் கிடாரின் விளிம்பில் முதல் தள்ளு தள்ளியபோது பல் கூசியது. பித்தளையை அராவுவதற்கும் நிக்கலை அராவுவதற்கும் சத்தம் வேறு. இது கொஞ்சம் ஒல்லியாக, மேல்ஸ்தாயியில் இருந்தது. ஐந்தாவது நுனியில் கை நடுங்குவது நின்றது. பன்னிரண்டாவதில் அழுத்திவிட்டேன். மருதுப் பலகையில் நெல்லளவு ஒரு வெட்டு விழுந்தது. பெரியவர் விரலை அதில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, தள்ளச் சொன்னார். வெட்டு இன்றும் இருக்கிறது. ஏழாவது மெட்டுக்குக் கீழே, வாசிக்கும்போது கட்டைவிரல் அதைத் தேடிப் போய்த் தொடுகிறது.

இரண்டு மணி நேரம் ஆயிற்று. நடுவில் ஒரு டீ. நான் முடித்த ஒவ்வொன்றையும் அவர் தொட்டு, தலையசைத்தார், அல்லது அசைக்கவில்லை. அசைக்காததை மறுபடி தள்ளினேன். கடைசியில் நகத்தை மேலிருந்து கீழே ஓட்டினார். நகம் எங்கும் யோசிக்கவில்லை.

“எங்க, சத்தம் வரட்டும்.”

ஆம்ப் வீட்டில் இருக்கிறது என்றேன். இது தனியாகச் சத்தம் போடாது, கரண்டு வேண்டும் என்று விளக்க ஆரம்பித்தேன். அவர் காதில் வாங்கவில்லை. நான் ஸ்டூலில் உட்கார்ந்து கிடாரை மடியில் வைத்திருந்தேன். எழுந்து வந்து, பூட்டுக்குள் லீவர் விழுகிறதா என்று கேட்பதற்குக் குனிவாரே அதுபோலக் குனிந்து, வலது காதைக் கிடாரின் விளிம்பில் அழுத்தினார். நரைத்த தலை என் மார்புக்குக் கீழே இருந்தது. பித்தளை வாடை.

அடித்தந்தியை ஒருமுறை மீட்டினேன். எனக்குக் கொசுவளவுதான் கேட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். ஒலி தேயும்வரை அசையவில்லை.

“இன்னொருக்காத் திருப்புங்க தம்பி” என்றார்.